உள்பையில் இருந்த தாள்

மைக்கில் பேட்டரி மாற்றுவதற்காக, ஒலிப்பதிவுப் பெண் பெட்டி அக்காவின் இடுப்பிலிருந்த சின்னக் கறுப்புப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது லாண்டரிக்காரன் வந்து ஒரு பழுப்புக் கவரை நீட்டினான். வாயை மடித்துக் குண்டூசி குத்திய கவர். மேலே நீல மையில், "பெட்டி அக்கா. கோட். உள்பை. தாள் ஒன்று" என்று எழுதியிருந்தது.

"உங்க கோட்ல இருந்துச்சுக்கா. இஸ்திரி போடும்போது கையில தட்டுப்பட்டுச்சு. பிரிக்கலை."

அவள் வாங்கிக்கொண்டாள். அவன் நன்றியை எதிர்பார்த்து நின்றவனாகத் தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, தாழ்வாரத்தின் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன் மாமியாரிடம் போய், "டீ குடிச்சீங்களா அத்தை?" என்று கேட்டான்.

பிரிக்கலை என்ற அந்த ஒரு சொல்தான் அவளைக் குத்தியது. பிரித்தாயா என்று யாரும் கேட்கவில்லையே. கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு அவள் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை.

பன்னிரண்டு பேருடன் தொடங்கிய நிகழ்ச்சி அது. சின்னச் சின்னத் தொழில் நடத்துகிறவர்களை ஒரே விடுதியில் தங்கவைத்து, வாரம் ஒரு பந்தயம் வைத்து, தோற்றவரை வீட்டுக்கு அனுப்புவார்கள். எல்லாவற்றையும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். பெயரெல்லாம் முதல் வாரத்தோடு போய்விட்டது, தொழில்தான் பெயர். அட்டைப்பெட்டி செய்கிறவள் பெட்டி அக்கா. துணி வெளுக்கிறவன் லாண்டரி. கடைசியில் ஜெயிக்கிறவருக்கு, நிகழ்ச்சியை நடத்தும் பெரிய கம்பெனி ஒரு வருடத்துக்குத் தன் வேலையைக் கொடுக்கும். அவள் ஜெயித்தால் அவர்கள் அனுப்பும் சாமான்கள் எல்லாம் அவளுடைய பெட்டிகளில் போகும். அவன் ஜெயித்தால் அவர்களுடைய விடுதிகளின் துணியெல்லாம் அவனிடம் வரும்.

அவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. அவள் பட்டறையில் இருபத்திரண்டு பேர். எட்டு வருடமாக ஒரே ஒரு செருப்புக் கம்பெனிக்குத்தான் பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். அந்தக் கம்பெனி போன வருடம் இழுத்து மூடப்பட்டது. அன்றிலிருந்து பட்டறை வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடுகிறது. யாரையும் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் எல்லாரும் பாதி வயிற்றோடு இருந்தார்கள். அவள் கிளம்பிய அன்று பசை காய்ச்சுகிற அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்வரை வந்து, "ஆறு நாள் வாங்கிட்டு வாங்கம்மா" என்றாள். கடைக்குப் போகிறவளிடம் ஆறு முழம் கயிறு வாங்கிவரச் சொல்வதுபோல. எல்லாரும் சிரித்தார்கள். வண்டியில் ஏறியபிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பந்தயங்களில் அவள் இவ்வளவு தூரம் வந்தது ஆட்களை எடை போட்டுத்தான். தலையணைக்கடியில் ஒரு குறிப்பேடு வைத்திருந்தாள். உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர்: "குரல் பெரிசு. தூரப் பார்வை கிடையாது." மீன் தொட்டி விற்கிறவர்: "எல்லாருக்கும் ஆமாம் போடுவார். நம்பினால் தொட்டியோடு மூழ்கலாம்." இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அந்த வரிகள் இதுவரை பொய்த்ததில்லை. லாண்டரிக்காரனுக்கு மட்டும் மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்திருந்தாள். மூன்றாம் வாரம் எதிரணியின் மூட்டையைத் தூக்கிக்கொடுத்தவன் அவன். ஐந்தாம் வாரம் வாடிக்கையாளர் ஒருவரிடம், "இந்தக் கறை போகாதுங்க, காசை வீணாக்காதீங்க" என்று கேமரா முன்னாலேயே சொன்னவன். இப்படி ஒருவன் இருக்க முடியுமா? இருந்தால் இத்தனை வாரம் தாக்குப்பிடிப்பானா? கடைசியில் நாலாவது முறையாக எழுதினாள்: "நல்லவன் வேஷம். கவனம்."

இப்போது நாலு பேர்தான் மிச்சம். இன்று அரையிறுதி. அவளுக்கு எதிரே அவன்.

இந்தப் பந்தயத்துக்கு வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அவன் மாமியாரை அழைத்து வந்திருந்தான். அவள் தன் நாத்தனாரை. பட்டறையில் அட்டை வெட்டுகிற இயந்திரத்தில் நிற்கிறவள் நாத்தனார்தான். கையும் வேகம், வாயும் வேகம். பந்தயம் இதுதான்: விற்க ஆளுக்கு இருநூறு குடை. ஒரே நிறம், ஒரே விலை. ரயில் நிலையத்துக்கு முன்வாசல், பின்வாசல் என்று இரண்டு வாசல். ஒன்பது மணிக்கு எந்த வாசல் என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். இருவரும் ஒரே வாசலை எழுதினால் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். பத்து மணியிலிருந்து நாலு மணிக்குள் யார் அதிகம் விற்கிறார்களோ அவர் இறுதிச் சுற்றுக்கு, மற்றவர் வீட்டுக்கு.

முந்தின நாள் ஒத்திகைக்கு அழைத்துப்போனபோதே அவள் இரண்டு வாசலையும் சுற்றிப் பார்த்துவிட்டாள். பின்வாசலில் கூட்டம் குறைவு. ஆனால் எதிரே மருத்துவமனை, பக்கத்தில் கூரையில்லாத பேருந்து நிறுத்தம். அங்கே ஆட்கள் ஓடமாட்டார்கள், காத்திருப்பார்கள். காத்திருக்கிறவர்களுக்குத்தான் வெயிலும் மழையும். மதியத்துக்கு மேல் மழை வரும் என்று வானிலைச் செய்தி வேறு சொன்னது. காத்திருப்பவர் கையில் குடையை விரித்தே கொடுத்துவிட வேண்டும். நிழலில் பத்து நிமிடம் நின்றவருக்குத் திருப்பிக் கொடுக்க மனம் வராது. இதையெல்லாம் அரைத்தாளில் எழுதி மடித்துக் நிகழ்ச்சிக்காரர்கள் கொடுத்திருந்த கோட்டின் உள்பையில் வைத்தாள். அங்கேதான் பிசகிவிட்டது. பட்டறையில் ஆர்டர் சீட்டை மேலங்கிப் பையில் செருகி அப்படியே ஆணியில் மாட்டிவிட்டுப் போகிற பழக்கம். மாலையில் விடுதியின் துணி அறை ஆள் வந்து தேய்ப்பதற்காகக் கோட்டைக் கேட்டபோது, தாளோடு கழற்றிக் கொடுத்துவிட்டாள். துணி அறையில் இஸ்திரி போடுகிறவருக்குக் காய்ச்சல் என்றும், லாண்டரிக்காரன் விடிந்ததும் தானே போய் நாலு பேர் கோட்டையும் தேய்த்து வைத்தான் என்றும் காலையில்தான் தெரிந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று சிரித்தானாம்.

துணி அறையில் கேமரா கிடையாது.

கவரைக் கைப்பையில் திணித்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தாள். நாத்தனார் தலை வாரிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சீப்பு அப்படியே தலையில் நின்றது.

"பிரிச்சுப் பாருங்களேன் அண்ணி."

"என்னத்தைப் பார்க்கறது? நான் எழுதினதுதானே உள்ள இருக்கும்."

"அவர் படிச்சிருப்பாரா?"

"நீன்னா படிக்காம இருப்பியா?"

நாத்தனார் யோசித்தாள். "நான் படிச்சிருப்பேன்" என்றாள் நேர்மையாக.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அவன் பின்வாசலை எழுதுவான். அந்த மாமியாரைப் பக்கத்தில் நிறுத்தினால் பாதி ஊர் இரக்கப்பட்டே குடை வாங்கும். ஆகவே முன்வாசல். ஒன்பது மணிக்குச் சீட்டில் முன்வாசல் என்று எழுதினாள். எழுதும்போது கை தயங்கியது. தயக்கத்தைச் சட்டை பண்ணாமல் இருப்பதுதான் தைரியம் என்று யாரோ எப்போதோ சொன்னதை நினைத்துக்கொண்டாள்.

வண்டி ஏறப்போகும்போது மாமியார் அவளைக் கூப்பிட்டாள். முழங்காலைப் பிடித்தபடி எழுந்து நின்று, "ஏம்மா பெட்டி, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். சட்டை மடிச்சு வைக்கிற மாதிரி தட்டையா ஒரு பெட்டி செய்ய முடியுமா? எங்க மாப்ள இஸ்திரி போட்டா கண்ணாடி மாதிரி இருக்கும். பையில போட்டு வீட்டுக்குக் கொண்டுபோறதுக்குள்ள கசங்கிப்போகுது. பார்க்க வயிறு எரியுது" என்றாள்.

பேச்சுக்கொடுத்து வாயைப் பிடுங்குகிறாள் கிழவி என்று அவள் நினைத்தாள். "அப்புறம் பேசலாம்மா" என்று சிரித்து நழுவிவிட்டாள். வண்டியில் உட்கார்ந்ததும் நாத்தனாரின் காதில், "பார்த்தியா, ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆடறாங்க" என்றாள்.

முன்வாசலில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ரயிலுக்கு ரயில் மடை திறந்ததுபோல் வந்தார்கள். ஆனால் வந்த வேகத்தில் போனார்கள். படிகளில் இறங்குகிற ஒருவர் கண்ணும் பக்கவாட்டில் திரும்பவில்லை. எல்லாக் கண்ணும் கீழே நின்ற வாடகைக் கார்களின் மேல்தான் இருந்தது. வாசலுக்கு மேலே பெரிய கூரை. கூரை முடிகிற இடத்தில் கார். மழை வந்தாலும் ஒருவர் தலையில் ஒரு சொட்டு விழப்போவதில்லை. பதினோரு மணிக்கே அவளுக்கு அது புரிந்துவிட்டது. புரிந்த பின் ஐந்து மணி நேரம் சிரித்த முகத்தோடு நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பதும் புரிந்தது.

"குடை வேணுமா சார்? ரெண்டு வேணுமா? வீட்ல எத்தனை பேரு சார்?" என்று நாத்தனார் ஒவ்வொருவர் பின்னாலும் ஐந்தாறு படி ஓடினாள். ஒருவர் திரும்பி, "நான் ஒண்டிக்கட்டைம்மா" என்றார். "அப்ப உங்களுக்குத்தான் சார் துணை வேணும், வாங்கிக்குங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார். அந்த மட்டில் ஒன்று.

ஒன்றரை மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் அது கொட்டிய சத்தம் அவளுக்குக் கேலி செய்வதுபோல் இருந்தது. நாலு மணிக்கு அறுபத்தொரு குடை போயிருந்தது.

கணக்கைக் குறிக்க வந்த உதவி இயக்குநர், காதில் கருவியும் கையில் அட்டையுமாக எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற சின்னப் பெண். வந்து குடைகளை எண்ணிவிட்டு, "லாண்டரி அண்ணன் பின்வாசல்ல நூத்தி எழுபத்திநாலு" என்றாள்.

பின்வாசல்! அவள் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். தோற்றுப்போனோம் என்பதைவிட, தான் நினைத்தது சரி என்பதுதான் முதலில் நெஞ்சில் பட்டது. அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பின்னாளில் அவள் பலமுறை வெட்கப்பட்டிருக்கிறாள்.

நாத்தனாருக்கு அடக்கமுடியவில்லை. "கோட்டுப் பையில இருந்த பேப்பரைப் படிச்சுட்டு, பிரிக்கலையாம் பிரிக்கலை! பூனை பாலைக் குடிச்சுட்டு மீசையைத் துடைச்ச கதை!" என்று உரக்கவே சொன்னாள். இருவர் இடுப்பிலும் மைக் ஓடிக்கொண்டிருந்தது.

விடுதிக்குத் திரும்பி, தீர்ப்பு அறைக்கு வெளியே இருந்த சின்னக் காத்திருப்பு அறையில் அவர்கள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அந்தச் சின்னப் பெண் மறுபடி ஓடிவந்தாள். கண் மின்னியது.

"அக்கா, பேப்பர் விஷயம் கேட்டோம். நிஜமா? ஒருத்தரோட திட்டத்தை இன்னொருத்தர் படிச்சா உடனே வெளியேத்தணும்னு ரூல் இருக்கு. அவர் கையில இருந்தது நிஜம், கவர்மேல அவரே எழுதியிருக்கார். படிச்சாரான்னு நமக்குத் தெரியாது, அந்த ரூம்ல கேமரா இல்ல. ஆனா திட்டத்துல இருந்த வாசல்லயே போய் நின்னிருக்காரே. நீங்க உள்ள போய்க் கவரை மேசைல வைச்சு, படிச்சுட்டார்னு சொல்லுங்க. போதும். நீங்க ஃபைனல்." பிறகு குரலைத் தாழ்த்தி, "எபிசோடே அதுதான்க்கா" என்றாள். கெட்ட பெண் இல்லை அவள். காலையிலிருந்து சாப்பிடாமல் ஓடுகிறவள். நல்ல காட்சி ஒன்று கிடைத்துவிட்ட மகிழ்ச்சி அவளுக்கு.

கதவு சாத்தப்பட்டது. அவள் கைப்பையிலிருந்து கவரை எடுத்தாள். மேசைமேல் வைப்பதற்கு முன் தாள் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றுதான் குண்டூசியை உருவினாள். தாள் கைக்கு வந்தது. கட்டைவிரல் தானாக அதன் மடிப்பில் போய் நின்றது.

பட்டறையில் சில கடைக்காரர்கள் பெட்டிகளைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். உபயோகிக்கவே இல்லை, அப்படியே இருக்கிறது என்று சத்தியம் பண்ணுவார்கள். அவள் ஒன்றும் பேசமாட்டாள். பெட்டியின் மடிப்புக்கோட்டில் கட்டைவிரலை ஒருமுறை ஓட்டுவாள். ஒருமுறை திறந்து மூடிய அட்டையில் கோட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு விழுந்திருக்கும், மயிரிழை தள்ளி. மூடியைப் பூட்டச் செருகும் அட்டை நாக்கின் விளிம்பில் நார் எழும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். "மனுஷன் சொல்றதைக் கேக்காதே, மடிப்பைக் கேளு" என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வாள்.

இந்தத் தாளையும் அவள் சாதாரணமாக மடித்திருக்கவில்லை. பட்டறையின் மிகச் சின்னப் பெட்டிக்கு அடிப்பக்கம் மடிக்கிற மாதிரி, நாலு பக்கத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகி, கடைசி நாக்கை நகத்தால் கீறிய பிளவில் நுழைத்திருந்தாள். கை அப்படித்தான் மடிக்கும், வேறு மாதிரி மடிக்க அதற்குத் தெரியாது. பசை போட்டு ஒட்டியதைக்கூடப் பிரித்து ஒட்டிவிடலாம். இதைப் பிரித்தால் பிளவு கிழியும்.

பிளவு கிழியவில்லை. நாக்கின் விளிம்பு நேற்று மாலை எப்படி வழவழவென்று இருந்ததோ அப்படியே இருந்தது. அவள் விரலை மறுபடி ஓட்டினாள். மறுபடி. எட்டு மணியிலிருந்து இந்தக் கவர் அவள் பையில்தான் இருந்தது. குண்டூசியை எடுத்து ஒரே ஒருமுறை தொட்டிருந்தால் போதும். ஊருக்கெல்லாம் மடிப்பைக் கேள் என்று சொன்னவள், தன் முறை வந்தபோது குறிப்பேட்டைக் கேட்டிருக்கிறாள்.

நாத்தனார் எட்டிப்பார்த்தாள். அவளும் அதே பட்டறையின் கைதான். ஒரு பார்வையிலேயே அவள் முகம் மாறியது. தன் மைக்கை உள்ளங்கையால் மூடினாள். மற்றக் கையால் அண்ணியின் மைக்கையும் மூடினாள்.

"திறக்கவே இல்ல அண்ணி."

"ம்."

பக்கத்து அறையில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் ஓசை கேட்டது.

"நமக்கு ரெண்டு பேருக்குத்தான் தெரியும்" என்றாள் நாத்தனார், மிக மெதுவாக. உடனே, "பொய் சொல்லச் சொல்லலை அண்ணி. உங்க இஷ்டம். நான் பசை அம்மா முகத்தை நினைச்சேன், அவ்வளவுதான்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அவளும் அந்த முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அட்டை அடுக்குகிற இரட்டைப் பிள்ளைகளின் அப்பாவை. வேலை இல்லாத நாளிலும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் பட்டறைக்கு வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிற அச்சுக்காரரை. ஆறு நாள். ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லக்கூட வேண்டாம், கவரை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாலே போதும், மற்றவர்கள் சொல்லிக்கொள்வார்கள். கடவுளே, இருபத்திரண்டு பேருக்காக ஒரு ஆளைப் பற்றி ஒரு பொய் என்று மனம் பேரம் பேசிப் பார்த்தது. கடவுள் எப்போதும்போலப் பேரத்துக்கு வரவில்லை. ஆனால் அவள் விரல் அந்த மடிப்பைவிட்டு அகலவும் இல்லை. அதுவே பதில்தான் என்று அவளுக்குப் பட்டது. ஆறு நாளில் ஒவ்வொரு நாளும் மடிப்புக்கோட்டைத்தானே தொட வேண்டும்? தொடும்போதெல்லாம் இது நினைவுக்கு வராதா?

"கையை எடு. வியர்க்குது" என்றாள் நாத்தனாரிடம்.

தீர்ப்பு அறையில் நீள மேசை. அந்தப் பக்கம் நடுவர், நரைத்த புருவம் கொண்ட, அதிகம் பேசாத தொழிலதிபர். இந்தப் பக்கம் இரண்டு ஜோடி. எண்ணிக்கையை வாசித்துவிட்டு நடுவர் லாண்டரிக்காரனைப் பார்த்தார்.

"முன்வாசல்ல கூட்டம் அஞ்சு மடங்கு. நீங்க ஏன் பின்வாசல் எடுத்தீங்க?"

அவன் தலையைச் சொறிந்தான். "முன்வாசல்ல முப்பத்தாறு படிங்க சார். அத்தைக்கு முட்டி ஆகாது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். மழை வந்தது நம்ம கையில இல்ல."

"என் முட்டியை எதுக்கு மாப்ள டிவில சொல்றீங்க!" என்று மாமியார் சீறினாள். "ஊரெல்லாம் இனிமே முட்டி எப்படி இருக்குன்னு கேக்கும்!" கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். நடுவரின் புருவம்கூட ஒருமுறை ஆடியது. பிறகு அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"ஏதோ ஒரு பேப்பர் பத்திச் சொன்னாங்களாம்."

அவள் எழுந்தாள். கவரையும் தாளையும் மேசைமேல் வைத்தாள். எல்லாக் கேமராவும் தன் கையின்மேல் குவிவதை உணர்ந்தாள். சின்னப் பெண் கதவோரம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"இதுல என் திட்டம் இருக்கு சார். காலைல தம்பி எடுத்துக் கொடுத்தார். படிச்சுட்டார்னு நினைச்சேன். அதனாலதான் வாசலை மாத்தினேன். அவர் படிக்கலை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மடிப்பு சொல்லுது. நான் பெட்டி செய்யறவ." அவள் தாளைத் தூக்கிப் பிடித்து நாக்கை இழுத்தாள். பிளவு ஓரத்தில் சரக்கென்று கிழிந்து சின்னதாக நார் எழும்பியது. "இப்ப நான் பிரிச்சேன். பாருங்க, கிழிஞ்சிடுச்சு. இதுக்கு முன்னாடி இது கிழியலை. யாரும் பிரிக்கலை."

நடுவர் தாளை வாங்கி விரலை ஓட்டினார். அவர் விரலுக்குத் தெரிந்ததோ இல்லையோ, நெடுநேரம் ஓட்டினார்.

"நீங்க இதைச் சொல்லியிருக்கலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரிஞ்சிருக்காது சார்."

லாண்டரிக்காரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "கையில வாங்கும்போதே அப்படி நினைச்சீங்களாக்கா?" என்று கேட்டான். கோபம் இல்லை, காலில் முள் ஏறியவன் எங்கே ஏறியது என்று பார்ப்பதுபோல் கேட்டான்.

"ஆமா தம்பி. மன்னிச்சுக்க."

அவன் மேசைமேல் கிடந்த கவரை எடுத்து, குண்டூசி குத்திய துளையைப் பார்த்தான். பிறகு, "எங்க கடைல பையில என்ன இருந்தாலும் கவர்ல போட்டு ஊசி குத்திடுவோம். பிரிக்கலைன்னு வாய்ல சொல்றதும் பழக்கம்தான், எங்கப்பா அப்படிச் சொல்வார். சொல்லாட்டா ஆளுங்க கடைலயே நின்னு பிரிச்சுப் பார்ப்பாங்க. நீங்களும் பார்த்திருக்கலாமேக்கா" என்றான்.

நடுவர் நீட்டிய தாளை வாங்கி அவள் கைப்பைக்குள் வைத்தாள்.

அவள் வெளியேறுகிறாள் என்று நடுவர் அறிவித்தார். வழக்கமாக அதைச் சொன்னதும் அடுத்த கோப்பைத் திறந்துவிடுவார். இன்று எழுந்து நின்று கை கொடுத்தார். அவ்வளவுதான், வேறு அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை.

பெட்டி படுக்கையெல்லாம் கட்டி அவர்கள் வாசலுக்கு வந்தபோது மழை தூறலாகக் குறைந்திருந்தது. மைக்கைக் கழற்ற வந்த ஒலிப்பதிவுப் பெண் அவள் கையை ஒரு நொடி அழுத்திவிட்டுப் போனாள். வண்டி தயாராக நின்றது. நாத்தனார் மூக்கை உறிஞ்சியபடி மூட்டைகளை ஏற்றினாள். "பசை அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க அண்ணி. நான் வண்டியிலயே உக்காந்துக்கறேன்."

அப்போதுதான் மாமியார் விற்காமல் மிஞ்சிய குடைகளில் ஒன்றைப் பிடித்தபடி தள்ளாடித் தள்ளாடி வருவதைப் பார்த்தாள். பின்னாலேயே மருமகன்.

அவள் எதிரே போய் அந்தக் குடைக்குள் நின்றாள். "அம்மா, காலைல ஒண்ணு கேட்டீங்க. நான் பதில் சொல்லலை."

"என்ன கேட்டேன்? ஆமா, சட்டைப் பெட்டி! நீதான் காதுல வாங்காம ஓடிட்டியே."

"செய்யலாம். நல்லாவே செய்யலாம். ஒரு வாரத்துக்கு எத்தனை சட்டை வரும் தம்பி?"

அவன் மனதுக்குள் கூட்டினான். "மூணு கடைக்கும் சேர்த்து ஐந்நூறு, அறுநூறு வரும்க்கா. ஆனா பெட்டின்னா ஒருதடவை போட்டுத் தூக்கி எறியற மாதிரி வேணாம். திருப்பிக் கொண்டுவந்தா மறுபடி நாங்க அதுலயே வைச்சுத் தரணும்."

அறுநூறு பெட்டி. அவளும் மனதுக்குள் கூட்டினாள். முதல் சில வாரங்களுக்கு ஒரு முழுநாள் வேலை. ஆறு இல்லை. ஆனால் மூன்றும் இல்லை, நாலு.

"பல தடவை திறந்து மூடற மாதிரின்னா நாக்கை அகலமா விடணும்" என்று சொல்லிக்கொண்டே பையில் கைவிட்டாள். கையில் வந்தது அந்த அரைத்தாள்தான். ஓரம் கிழிந்த தாள். குடைக்கடியில் வைத்தே பழைய மடிப்புகளை நீவிவிட்டுப் புதிதாக மடிக்கத் தொடங்கினாள். தட்டையாக, நீளவாக்கில், சட்டையின் கழுத்துப்பட்டி நசுங்காமல் இருக்க ஒரு பக்கம் மட்டும் சற்றே உயரம் விட்டு. எழுத்துகள் வெளிப்பக்கம் தெரிந்தன.

"இப்பவாவது படிக்கலாமாக்கா?" என்றான் அவன்.

"தாராளமா. 'நிழலில் பத்து நிமிடம் நின்றவருக்குத் திருப்பிக் கொடுக்க மனம் வராது.' நான்தான் எழுதினேன்."

"அட, நாங்க அதையேதான் பண்ணினோம். அத்தைதான் எல்லாரையும் குடைக்குள்ள கூப்பிட்டு நிக்க வைச்சாங்க."

"விக்கறதுக்கா கூப்பிட்டேன்? நனையறாங்களேன்னு கூப்பிட்டேன்" என்றாள் மாமியார்.

அவள் முதல்முறையாக அன்று வாய்விட்டுச் சிரித்தாள். வண்டிக்குள்ளிருந்து நாத்தனாரும் தலையை நீட்டி, "அண்ணி, மூடிக்கு ரெண்டு நாக்கு வையுங்க, ஒண்ணுன்னா தொங்கும்" என்றாள். அவள் இரண்டு நாக்கு வைத்தாள். உள்ளங்கை அளவே இருந்த அந்தச் சட்டைப் பெட்டியை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். பசை அம்மாளிடம் எப்படித் தொடங்குவது என்று யோசித்தாள். நாலு நாள் வாங்கிட்டு வந்திருக்கேன் என்று தொடங்கலாம். மீதி இரண்டுக்கு இன்னும் பலரிடம், இன்னும் பல துணிக்கடைகளில் கேட்க வேண்டும். கேட்கலாம்.

வண்டி நகர்ந்தது. பின்கண்ணாடியில் மழைநீர் வழிந்துகொண்டிருந்தது. அதனூடே, குடையை மருமகன் பிடித்துக்கொள்ள, மாமியார் அந்தச் சின்னப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள், சிரித்துக்கொண்டே மறுபடி திறந்தாள். மூடியின் மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்துகொண்டிருப்பது அவ்வளவு தூரத்திலிருந்து தெரிய நியாயமில்லை. அவள் கட்டைவிரல் மட்டும் மடியில் மெல்ல அசைந்துகொண்டிருந்தது.